நுன்னுக்குக் கடைசித் தண்ணீர்

"வன்பென், நீயா! உன் பொண்ணைக் கடிச்ச நாயோட சாவுக்கு நீயே வந்திருக்கியே. எவ்வளவு பெரிய மனசுடி உனக்கு!"

ரம்பாய் அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. கோவில் மண்டபத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பி வன்பென்னைப் பார்த்தார்கள். பார்வையில் மரியாதை வேறு.

வன்பென்னுக்கு அப்படியே தரைக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது.

நடுவில் வெள்ளைத் துணி விரித்து நுன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளையும் பழுப்பும் கலந்து புசுபுசுவென்று முடி. அதன் பக்கத்தில் தாவில் மாமா உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது இந்த நாய் ஒன்றுதான். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"நாய்க்குப் போய் நாலு பிக்குங்க ஓதுறாங்க பாரு" என்று ரம்பாய் அக்கா வன்பென் பக்கம் சாய்ந்தாள். "அதுவும் பாங்கேவ் நாய்க்கு! வீட்டுக்காரனையே வாசல்ல நிறுத்தி யாருன்னு கேக்கிற ஜாதி."

பாங்கேவ் என்றால் பிட்சணுலோக் ஊருக்கே பெருமைதான். வெளியூர்க்காரர்களிடம் 'எங்க ஊர் நாய்' என்று மார்தட்டிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் இருந்தால் மட்டும் ஆகாது.

"சும்மா இருங்கக்கா" என்றாள் வன்பென்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? உன் பொண்ணு பிம் கையில ரத்தத்தைப் பார்த்தவ நான். அன்னைக்கு நான் மட்டும் தெருவையே ஒண்ணு கூட்டலேன்னா, இன்னும் எத்தனை பேரைக் கடிச்சிருக்குமோ!"

உண்மைதான். தெருவை ஒன்று கூட்டியது அக்காதான். கூட்ட வைத்தது வன்பென்.

இரண்டு வருடம் ஆகிறது. பிம் கடிபட்ட தன் கையைப் பிடித்துக்கொண்டு அலறியபடி தெருவுக்கு ஓடினாள். பின்னாலேயே வன்பென்னும் ஓடினாள். எதிரில் வந்த ரம்பாய் அக்கா, "ஐயோ, அந்தப் பாங்கேவ் கடிச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

வன்பென் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

கடித்தது மோச்சி. வன்பென் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பொமரேனியன். தின்றுகொண்டிருக்கும்போது பிம் தட்டை இழுத்தாள், வெடுக்கென்று பிடித்துவிட்டது. வன்பென் வாடகைக்குக் குடியிருந்தது ரம்பாய் அக்காவின் வீட்டில். "உன் நாயால இனி ஒரு வம்பு வந்தாலும் நாயோட நீயும் கிளம்பிடணும்" என்று முந்தின வாரம்தான் அக்கா சொல்லியிருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்றே மாதம் ஆகியிருந்த நேரம் அது.

அன்று சாயங்காலமே தெருக்காரர்கள் ஊர்த் தலைவரிடம் போனார்கள். பகலும் இரவும் சங்கிலி, வாய்க்குப் பூட்டு என்று முடிவானது. தாவில் மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க" என்றதோடு சரி. அதற்குப் பிறகு நுன்னின் குரலே தெருவில் கேட்கவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் வன்பென் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தாள்.

ஓதல் முடிந்தது. ஒவ்வொருவராகப் போய் நுன்னின் முன்னங்காலில் வாசனைத் தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்டார்கள். வன்பென்னின் முறை வந்தது. மல்லிகை மிதந்த சின்னக் கிண்ணத்தை வாங்கி நுன்னின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"செய்கையாலோ, சொல்லாலோ, நினைப்பாலோ நான் உனக்குத் தப்பு செஞ்சிருந்தா..."

அதற்கு மேல் வரவில்லை. ஒரு தலையாட்டல் இதில் எந்தக் கணக்கில் சேரும்? தண்ணீர் பாதி நுன்னின் காலிலும் மீதி துணியிலுமாகக் கொட்டியது. தன்னைப் போல ஒரு வெட்கங்கெட்டவள் உண்டா என்று நினைத்தாள்.

"பாவம், பழசு ஞாபகம் வந்துடுச்சு போல" என்றாள் பின்னாலிருந்து ரம்பாய் அக்கா.

வன்பென் எழுந்திருக்கப் போனாள்.

"அம்மாடி, ஒரு நிமிஷம்" என்றார் தாவில் மாமா. அவர் விரலிடுக்கில் ஒரு பாட் நாணயம். செத்தவர் வாயில் வைத்து அனுப்புகிற காசு. "இவன் வாயைக் கொஞ்சம் திறந்து பிடிச்சுக்கோ. என் கை நிக்க மாட்டேங்குது."

இத்தனை வருடத்தில் அந்த நாயைத் தொடுகிற தூரத்துக்கு அவள் வந்ததே இல்லை. தெருவில் யாருமே வந்ததில்லை. தயங்கித் தயங்கித் தாடையைப் பிடித்துத் திறந்தாள்.

உள்ளே வெறும் ஈறு. மேலே, கீழே, எங்கேயும் ஒரு பல் இல்லை.

"மாமா... பல்லு?"

"ஈறு அழுகிடுச்சும்மா. டாக்டர் மொத்தத்தையும் எடுத்துட்டார். நாலு வருஷமாச்சு. அதுக்கப்புறம் கஞ்சிதான் குடிச்சான், பாவம்."

நாலு வருடம். பிம்மைக் கடித்து இரண்டு வருடம்.

"அப்போ அன்னைக்கே உங்களுக்கு..."

"தெரியும்."

"இந்த வாயை அன்னைக்கே திறந்து எல்லாருக்கும் காட்டியிருக்கலாமே, மாமா! ஏன் காட்டல?"

தாவில் மாமா காசை நுன்னின் நாக்கில் வைத்தார். பின்னால் ரம்பாய் அக்கா நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"காட்டியிருப்பேன். 'அப்போ கடிச்சது எந்த நாய்?'னு அவ கேப்பாளே. அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நீ எங்கம்மா போவே?"