வேலிக்கு மேலே வந்த வரம்

ப்ளோவ்திவ் நகரத்துப் பக்கம் எங்கள் ஊர்த் தக்காளித் திருவிழாவில், மூன்றாம் வருடமும் தோன்காவுக்கே முதல் பரிசு என்றார்கள். கூட்டத்தில் நின்ற பக்கத்து வீட்டு ஸ்லாவ்காவுக்கு வயிறு எரிந்தது. அது எப்போதும் எரிகிற வயிறுதான்.

"நானும் வாராவாரம் மயில்துத்த மருந்து அடிக்கிறேன். என் செடி மட்டும் ஏன் நோஞ்சானா நிக்குது?"

"அவ மண்ணு ராசி, விடுடி" என்றான் கணவன் கோலியோ.

"ராசியாம் ராசி! சூனியம் வச்சிருக்கா."

மேடையில் நடுவர், தோன்காவின் தோட்டத்து மண்ணை அள்ளிக் காட்டினார். "வெள்ளை நூலா ஓடுது பாருங்க, நல்ல பூஞ்சை. கூடவே நல்ல பாக்டீரியா. வேருக்குச் சோறு ஊட்டுறதே இதுங்கதான். மயில்துத்தம் கொட்டினா செத்துடும். எப்படிம்மா வளர்த்தீங்க?"

தோன்கா கூச்சத்தோடு சிரித்தாள். "நான் எதுவும் செய்யலைங்க. நாலு வருஷமா யாரோ புண்ணியவான், சீஸ் வடிச்ச புளிச்ச தண்ணியும் பூசணம் பூத்த காட்டு இலைக்குப்பையும் வேலிக்கு மேல கொட்டிட்டுப் போறாரு. யாருன்னு தெரிஞ்சா இந்தக் கோப்பையே அவருக்குத்தான்."

"நான்தான்டி!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள் ஸ்லாவ்கா. "அத்தனையும் நான் கொட்டினது! கொடு கோப்பையை!"

தோன்கா கொடுத்துவிட்டாள். கைதட்டல் ஓய்ந்ததும் மெல்லக் கேட்டாள். "உன் செடி வாடிக் கிடக்கே அக்கா, அதுக்கு ஏன் கொட்டலை?"

ஸ்லாவ்கா கோப்பையைத் துடைப்பதில் மும்முரமானாள். கோலியோதான் கீழேயிருந்து பதில் சொன்னான்.

"தன் செடி பட்டுப்போகணும்னு அவ நினைக்கலையேம்மா!"