பெண் பார்க்கும் காட்சி

திரையில் வேண்டாவின் முகம் சுவர் உயரத்துக்கு வந்து நின்றபோது பார்வதத்தின் கையிலிருந்த தட்டில் பன்னிரண்டு டீ இருந்தது.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ரிசார்ட் அது. ஹாலில் ஏதோ ஐ.டி. கம்பெனிக்காரர்கள் காலையிலிருந்து கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் காமெடி என்று பேனர் கட்டியிருந்தார்கள். பழைய காமெடிக் காட்சியைப் பாதியில் நிறுத்துவார்கள். அடுத்த வசனத்தைச் சொல்கிறவருக்குப் பரிசு.

லேப்டாப் பக்கத்தில் மைக்குடன் நின்ற பெண் கேட்டாள்.

"இப்ப ஹீரோவோட ஃப்ரெண்டு என்ன சொல்வாரு?"

நூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஐயோ, பட்டப்பகல்ல கரண்டு போச்சே!"

ஹால் அதிர்ந்தது. ஒருவன் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தான்.

பார்வதம் தட்டை மேஜையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி டீ கொட்டிவிட்டது.

வேண்டா அவளுடைய அக்கா. செய்யூர்ப் பக்கம் பெண்ணுக்கு மேல் பெண்ணாகப் பிறந்தால் அந்தப் பெயரை வைப்பார்கள், அடுத்தது பையனாக இருக்கட்டும் என்று. அடுத்துப் பிறந்தது பார்வதம்.

முப்பது வருஷத்துக்கு முன்பு ஊருக்குப் படப்பிடிப்பு வந்தது. கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்துகொண்டிருந்த வேண்டாவைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பெண்ணாக நடிக்கிறாயா என்று கேட்டார்கள். பட்டுப்புடவை கட்டிவிட்டார்கள். தலை கொள்ளாமல் மல்லிகை. அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் போதும் என்றார்கள்.

ஊரிலேயே கறுத்த பெண்ணாகத் தேடித்தான் அவளைப் பிடித்தார்கள் என்பதை, கேமரா ஓடும்வரை ஒருவரும் சொல்லவில்லை.

படம் வந்தது. வேண்டா போகிற இடத்துக்கெல்லாம் அவளுக்கு முன்னால் அந்த வசனம் போய் நின்றது. பஸ்ஸில் சொன்னார்கள். ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த மூன்றாவது வீட்டார் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது வேண்டா கொல்லைக் கிணற்றில் மிதந்தாள்.

அவள் போய்விட்டாள். அந்தக் காட்சி போகவில்லை. டிவியில் வந்தால் பார்வதம் சேனலை மாற்றுவாள். ஒருமுறை மகன் ரஞ்சித்குமார் போனில் அதைப் பார்த்துச் சிரித்தான். செத்துப்போன பெரியம்மா அவள் என்று அவனுக்குத் தெரியாது. பார்வதம் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

இப்போது அவள் நேராக லேப்டாப்பை நோக்கி நடந்தாள். சூப்பர்வைசர் பெஞ்சமின் வாசலிலிருந்து கையைக் கையை ஆட்டினார். வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும்.

"இன்னா சிரிப்பு கீது இதுல? சொல்லு, இன்னா சிரிப்பு கீது?"

மைக் அதை ஹால் முழுக்கக் கொண்டுபோனது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டல் எழுந்தது.

அதுதான் அவளை வெறியாக்கியது.

"அது எங்கக்காடா! இதையே சொல்லிச் சொல்லித்தான் அவள சாவடிச்சானுங்கோ. கத்து, இப்பக் கத்துடா!"

கைதட்டல் நின்றது. முன்வரிசையில் லுங்கியை மடித்துக் கட்டி வேஷம் போட்டிருந்தவன் மெல்ல அதை இறக்கிவிட்டான்.

மைக் வைத்திருந்த பெண்ணின் முகம் வெளிறிப்போயிருந்தது. "சாரிக்கா," என்றாள். லேப்டாப்பை மூடினாள்.

சுவர் வெள்ளையானது.

பார்வதம் அந்த வெள்ளையைப் பார்த்தாள். வீட்டில் வேண்டாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அக்காவுக்கு முன்பல்லில் சின்ன இடைவெளி இருந்தது. முப்பது வருஷத்தில் பார்வதம் அதை மறந்தே போயிருந்தாள். சற்றுமுன் அது சுவரில் இருந்தது.

"தொற," என்றாள். குரலில் கோபம் தணியவில்லை. "திருப்பிப் போடு. சத்தம் வாணாம்."

அந்தப் பெண் போட்டாள்.

வேண்டா நிமிர்ந்தாள். சிரித்தாள். யாரோ தன்னிடம் முதல்முறையாக அழகாக இருக்கிறாய் என்று சொன்ன மாதிரி சிரித்தாள். காமெடியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வாய் அசைந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

வேண்டாவின் சிரிப்பு உடனே போகவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவள் திரும்பிப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

இரட்டைச் சடை போட்டிருந்த அந்தப் பெண், வேண்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரக் குனிந்து குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பார்வதத்துக்கு அப்போது பதினாறு வயது.

சிரிக்கச் சொன்னது டைரக்டர்தான். அவ்வளவு சிரிக்கச் சொல்லவில்லை.