பொய் சொல்லாத பெட்டி

"ஒரு இருமல்கூட இல்லீங்க. இன்னிக்கும் இல்ல," என்றாள் ஜுபைதா, சமையலறை மேடையில் இருந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து காதை எடுத்தபடி.

அவள் புருஷன் அப்துல் சுபான் நம்பாமல் தானும் காதை வைத்துப் பார்த்தான். சவூதியில் வேலை பார்க்கும் தம்மாமிலிருந்து லீவில் வந்தபோது அவன் கொண்டுவந்த ஜோடிப் பெட்டி அது. அங்கே ஒன்றைக் கைக்குழந்தையின் அறையில் வைத்துவிட்டு, அழுகிறதா என்று தாய் அடுத்த அறையிலிருந்து இன்னொன்றில் கேட்பாளாம். இங்கே ஒன்றை அவனைப் பெற்ற அத்தா நூர் பாஷாவின் தலைமாட்டில் வைத்து, ரிப்பேரான ரேடியோ என்று சொல்லியிருந்தான்.

அவருக்கு மூன்று மாத இருமல். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கைக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது. கிழவரோ இருமல் போயே போய்விட்டது என்று சாதித்தார். பெங்களூருக்குப் போன தன் மனைவி வேனில் பிணமாகத் திரும்பியதை அவர் மறக்கவில்லை.

"மாமாகிட்ட சொல்லிட்டே வெச்சா என்னங்க? அவரு தனியா அத்தைகிட்டப் பேசறதெல்லாம் காதுல வுழுது. திருட்டுத்தனமா இருக்குது."

"சொன்னா அடக்கிக்குவாரு. அவரு பொய் சொல்லுவாரு ஜுபைதா, மெசின் சொல்லாது."

அவளுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அத்தனை நாள் உயிரை வாங்கிய இருமல் எந்த வழியாகப் போனது?

பெட்டி வைத்த முதல் நாளே அதில் 'டொக் டொக்' என்று விரலால் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு 'ஃபூ' என்று ஓர் ஊதல். தூசி தட்டுகிறார் என்று சுபான் சிரித்தான். அதன்பின் துவா, பேச்சு, கட்டில் முனகல், அவ்வளவுதான். சில சமயம் பேச்சு பாதியில் நிற்கும். செருப்புச் சத்தம் நகரும். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். இரவில் வழக்கம்போல, புழுக்கம் என்று பள்ளிவாசல் முற்றத்துக்குப் படுக்கப் போய்விடுவார்.

இருமல் எப்படி நின்றது என்று சோறு போடும்போது அவரிடமே கேட்டாள்.

"கசாயம்மா," என்று சிரித்தார்.

எட்டாம் நாள் சுபான் பெங்களூருக்கு டிரங்கால் போட்டு, படுக்கை வேண்டாம் என்று சொன்னான். லீவு முடிந்து, மறுநாள் காலை நிம்மதியாகத் தம்மாமுக்குக் கிளம்பினான்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து ஜுபைதா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சகாயமேரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் ஜுபைதா, வூட்டுல எதும் சண்டையா? ஒரு வாரமா உங்க மாமா எங்க கெணத்துமேட்டுல வந்து நின்னுதான் இருமறாரு. இன்னிக்குத் துண்டெல்லாம் ரத்தம். உங்க வூட்டுலயே இருமினா என்னங்கன்னா, சிரிக்கறாரு."

ஜுபைதாவுக்கு அந்த 'டொக் டொக்', அந்த 'ஃபூ' இரண்டும் திரும்பக் கேட்டன. தருமபுரியில் முப்பது வருஷம் மைக்செட் போட்டவர் நூர் பாஷா; மேடை ஏறுகிற ஒவ்வொருவருக்கும் மைக்கைத் தட்டி, ஊதிக் கொடுத்துவிட்டு அவர் சொல்வது ஒன்றுதான்: "இருமல் வந்தா, தள்ளிப் போயி இருமுங்க."