மைனாவுக்கு வலிப்பு

“தண்ணி ஊத்தாதீங்க அண்ணே! புரை ஏறிச் செத்துடும்!”

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் கிளீட்டஸ், வடிவேலுவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். கூண்டுக்குள் மைனா கழுத்தை முறுக்கிக்கொண்டு, சிறகு படபடக்கத் துடித்துக்கொண்டிருந்தது.

“அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. உக்கார்ற குச்சிய எடுத்துட்டு, அடியில துணி விரிங்க. இருட்டா, சத்தமில்லாம இருக்கட்டும். தானா அடங்கும்.”

சற்று நேரத்தில் வலிப்பு நின்றது. மைனா துவண்டு கிடந்தது. வடிவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவருக்கும் வேறு என்ன ஆறுதல் இருக்கிறது? ஒரே மகன் சேகரன் ஆற்றோடு போய்விட்டான். கரையில் கிடந்த சட்டைதான் கிடைத்தது; அதை வைத்தே காரியம் செய்தார்கள். அதன் பிறகுதான் தெங்கேரா டவுனிலிருந்து இந்தக் குஞ்சை வாங்கி வந்தார். ராத்திரியில் வீட்டில் படுத்தால் தூக்கம் வராது என்று ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலையிலும் சேர்ந்தார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் சோற்றுக்காக முள்வேலியைத் தாண்டி வந்தால் சுட வேண்டும் என்பது உத்தரவு.

“விஷம் ஏதோ உள்ள போயிருக்கு. லாலான் புல்லுக்கு அடிக்கிற மருந்தா இருக்கும்” என்றார் கிளீட்டஸ்.

அடுப்படியில் நின்ற வடிவேலுவின் மனைவி கமலவேணி அழுதுவிட்டாள். “நான்தானே மருந்து அடிக்கிற வேலைக்குப் போறேன். கையச் சரியாக் கழுவாம சோறு வச்சிட்டேன்.”

“அழாதீங்க அக்கா. இன்னிக்குத் தாண்டிட்டா பொழச்சுக்கும் லா.”

ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குள் கிளீட்டஸ் கிளம்பிப் போனார்.

“நேரமாச்சு. நீங்க டூட்டிக்குக் கெளம்புங்க” என்றாள் கமலவேணி.

“இன்னிக்குப் போகல. சார்ஜண்டுகிட்ட சொல்லச் சொல்லி கிளீட்டஸ் தம்பிகிட்டச் சொல்லிட்டேன்.”

அவள் முகம் வெளுத்தது. “ஐயோ, ஒரு பறவைக்காகவா? நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க!”

“ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா வேணி? வாங்கிட்டு வந்த நாள்லேருந்து ‘முருகா’ன்னு சொல்லிக் குடுக்குறேன். இன்னும் வாயே தெறக்கல. அதுக்குள்ள சாகப் பாக்குதே!”

கமலவேணி வாசற்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விளக்கேற்றும் நேரத்தில் மைனா அசைந்தது. தள்ளாடி எழுந்து சிறகை உதறியது. தலையைச் சாய்த்து வடிவேலுவைப் பார்த்தது.

“வேணி, இங்க வா! ஏதோ சொல்ல வருது!”

“வேணாங்க... அதப் பேச விடாதீங்க!”

கமலவேணி ஓடிவந்து முந்தானையால் கூண்டை மூடினாள்.

துணிக்குள்ளிருந்து, அச்சு அசலாகச் சேகரனின் குரலில், மைனா கேட்டது:

“அம்மா, அப்பா டூட்டிக்குப் போயிட்டாரா?”