மூன்றாவது பேட்டரி

நுரையீரலில் நிழல் தெரிகிறது என்று டாக்டர் சொன்னபின் இருதயராஜ் சிகரெட்டை விட்டான். அதற்குப் பதிலாக, பேட்டரியில் ஓடும் புகைக்கருவி ஒன்றைத் தானே செய்தான். அது சூடாகவே இல்லை. சர்க்யூட் போர்டு கம்பெனியில் வேலை பார்க்கும் மனைவி பிலோமினாவிடம் காட்டினான்.

உள்ளே ஒரு ஒயரில் சால்டரிங் விட்டுப்போயிருந்ததை அவள் உடனே பார்த்துவிட்டாள்.

"பேட்டரி சரியில்லைங்க," என்றாள்.

புது பேட்டரி வாங்கினான். பிறகு இன்னொன்று. கழற்றுவதும் மாட்டுவதுமாக இரண்டு மாதம் புகையில்லாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விட்டுப்போன ஒயரை அவனே கண்டுபிடித்து சால்டரிங் செய்தான். கருவி சூடானது.

"இது உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

அவன் பேட்டரியைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

"நீயே வச்சுக்க. நானே கேட்டாலும் குடுத்துடாத."

அன்று சாயங்காலமே கேட்டான்.