ஆலமரத்து வௌவால்கள்

தனிமை வார்டின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, ஜெனிஷா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். வௌவால்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களை ஆராய்கிறவள் அவள். வலையில் சிக்கிய ஒன்றைப் பிரித்தெடுக்கையில் விரலில் கடிபட்டு, இப்போது காய்ச்சலோடு இங்கே அடைபட்டிருக்கிறாள். பரிசோதனை முடிவு வரும்வரை வெளியே விடமாட்டார்கள். சன்னல் கம்பிகளின் நிழல், பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தின் மேல் கோடு கோடாகக் கிடக்கிறது. சமணர் மலை ஓரத்து வீட்டிலிருந்து கணவன் ஆன்சன் பேசுகிறான்.

"ஆலமரத்துல சரவெடி கட்டிட்டாங்க ஜெனி. ஒனக்கு வந்தது நமக்கும் வந்துருமோன்னு ஊரே பயந்து கெடக்கு."

"வெரட்டக் கூடாதுங்க! மெரண்டா செதறிப்போயி வீட்டுப் பக்கமெல்லாம் அடையும். கிருமியும் அம்புட்டு எடத்துக்கும் போகும். போயிச் சொல்லுங்க."

"சொல்லாமலா இருந்தேன்? நீயே அங்க கெடக்கும்போது என் பேச்ச யாரு கேப்பா?"

அவன் சொல்லி முடிப்பதற்குள் போனுக்குள் வெடி படபடவென்று பொரிகிறது. அதற்கும் மேலாக எண்ணற்ற கீச்சொலிகள் எழுகின்றன. அவள் உள்ளங்கையால் கதவை அறைகிறாள். வெளியே நிற்கும் நர்ஸ், முகக்கவசத்துக்கு மேலே தெரியும் கண்களைச் சுருக்கி, பொறுங்கள் என்று கைகாட்டுகிறாள். சத்தம் ஓய்கிறது. முற்றத்திலிருந்து மகளின் குரல் குதூகலமாக வருகிறது.

"அப்பா, கொய்யா மரத்தடியில குட்டி வௌவால் விழுந்து கெடந்துச்சு. பாவம், நடுங்குது. கையில எடுத்துக்கிட்டேன்."

ஆன்சன் போனைப் போட்டுவிட்டு ஓடுகிறான். எங்கோ தரையில் கிடக்கும் அந்தப் போனுக்கு, ஜெனிஷா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்: "கையக் கழுவு பாப்பா. சோப்புப் போட்டுக் கழுவு. கண்ணத் தொடாத."