இன்னும் நாலு ஆகவில்லை

"சுகந்தி" என்றது சுவர்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மதியம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டி, 'சுகன்டி'யைச் 'சுகந்தி'யாக்கியிருந்தான். இப்போதுதான் சரியாகச் சொல்கிறது.

குட்டித் திரையில் மூன்று முப்பது. கீழே அவனே தட்டிவைத்த வரி பச்சை எழுத்தில் விட்டு விட்டு மின்னியது. சுகந்தி. ஆஸ்பத்திரி. கிளம்பு.

சட்டையை மாட்டினான். பைக் சாவியைத் தேடினான்.

நான்கு மணிக்கு டாக்டர். மனைவி அலுவலகத்திலிருந்து நேராக அங்கே வந்துவிடுவாள். மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு சொல்வார்கள். நீங்கள் கூட இருந்தால் போதும் என்று மட்டும் கேட்டிருந்தாள். அதற்காகவே லீவு போட்டிருந்தான்.

சாவி கிடைத்தது. கதவைத் திறந்தான்.

வாசலில் சுகந்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் ஆஸ்பத்திரிக் கவர்.

அவள் மணிக்கட்டைப் பார்த்தான். ஐந்து தாண்டியிருந்தது.

வெட்கக்கேடு, முதலில் அவள் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டான்.

சுவரில் மாட்டியிருப்பது உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். வெளிநாட்டில் யாரோ நாலு கிறுக்கர்கள் சேர்ந்து செய்து விற்பது. அதில் லினக்ஸ் ஏற்றி ஓடவிட்ட நாளிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. இதில் என்ன செய்யலாம் என்று தெரியாத்தனமாகக் கேட்ட விருந்தாளிகள் சாப்பாடு ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். குக்கர் விசிலை எண்ணும். மழை வருமென்றால் துணியை எடுக்கச் சொல்லும். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும். விசிலை எண்ண எனக்கே தெரியும் என்று சுகந்தி சிரிப்பாள். அவன் விடவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அதே ஆணியில் இதை மாட்டினான்.

ஒரே ஒரு குறை. மற்ற கம்ப்யூட்டர்களில் மின்சாரம் போனாலும் கடிகாரம் நிற்காமலிருக்க ஒரு பொட்டு பேட்டரி இருக்கும். இதில் அதை நாமே வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அணைந்தபோது காட்டிய நேரத்திலேயே மறுபடி கண்விழிக்கும். நடுவில் போன நேரம் அதன் கணக்கில் கிடையாது. நெட் இருந்தால் கேட்டுத் திருத்திக்கொள்ளும்.

பேட்டரி மேசை டிராயரில் இருந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இன்று மதியம் மின்சாரம் போனது. சாப்பிட்ட களைப்பில் கண்ணயர்ந்தான். மின்விசிறி சுற்றியதும் எழுந்து சுவரைப் பார்த்தான். ஐந்து நிமிடம்கூடத் தூங்கவில்லை போலிருந்தது. நெட் மட்டும் வரவில்லை. திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, அவள் பெயரைச் சொல்லித்தர உட்கார்ந்தான். பால்காரரின் மணி கேட்டது. இன்றைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் என்று நினைத்துக்கொண்டான்.

பால்காரரை நம்பியிருக்கலாம்.

போனை எடுத்துப் பார்த்தான். அவளிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

ஏன் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை கேட்டாள், வந்துவிடுவீர்கள்தானே என்று. மூன்றாவது முறை கேட்டபோது எரிந்து விழுந்தான். அவளைப் பக்கத்தில் நிற்கவைத்து அந்த வரியைத் தட்டினான். இனிமேல் இது பார்த்துக்கொள்ளும், நீ எதையும் ஞாபகப்படுத்தாதே என்றான்.

சொன்னபடி கேட்டிருக்கிறாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்திருப்பாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள். பெயரைக் கூப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போயிருப்பாள். அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் திரும்பத் தருவார்களா என்றிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தான். கரண்ட், பேட்டரி, நெட் என்று வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சுகந்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள். கவரை மடியில் வைத்துக்கொண்டாள். அழுதிருந்தால் பஸ்ஸிலேயே அழுது முடித்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

அவள் சுவரைப் பார்த்தாள். மின்னிக்கொண்டிருந்த தன் பெயரைப் பார்த்தாள். பொத்தான் மாற்றிப் போட்டிருந்த அவன் சட்டையைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

"இதுல இன்னும் நாலு ஆகலைங்க. ஆகட்டும், சொல்றேன்."

பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

அவன் உட்கார்ந்தான்.

மூலையில் நெட் பெட்டியின் விளக்கு பச்சையானது. இன்னும் சில நொடிதான். சுவரில் இருப்பது சரியான நேரத்தைக் கேட்டு, ஐந்துக்குத் தாவிவிடும்.

எழுந்து போய் நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

மூன்று நாற்பத்தொன்று.

திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நான்கு மணிக்காக இருவரும் காத்திருந்தார்கள்.